பர்வதமலை ஏற்றத்துக்குத் திட்டமிடல்

பர்வதமலை ஏற்றம் என்பது தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டம், கலசபாக்கம் வட்டத்திலுள்ள பர்வதமலையின் உச்சியில் அமைந்த மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயிலுக்குக் கால்நடையாக ஏறி இறங்கும் பயணம் ஆகும். காஞ்சிபுரம், வேலூர், சென்னை ஆகிய ஊர்களிலிருந்து பக்தர்களும் மலையேற்ற ஆர்வலர்களும் இம்மலைக்குச் செல்கின்றனர். உச்சிக்கு வண்டிப் பாதை இல்லை. வழியின் கடைசிப் பகுதியில் பாறையில் அறையப்பட்ட இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றி ஏற வேண்டும். ஆகவே இது கோயில் வழிபாடாக இருப்பினும், காலம், நீர், வானிலை, உடல்வலிமை ஆகியவற்றை முன்னரே கணக்கிட வேண்டிய ஒரு மலைப்பயணமும் ஆகும்.

அமைவிடம்

பர்வதமலை சவ்வாது மலைத்தொடருக்கு அருகில் தனித்து உயர்ந்து நிற்கும் மலை. இதன் உயரம் ஏறத்தாழ 4500 அடி எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அடிவாரத்தில் தென்மாதிமங்கலம் (தென்மகாதேவமங்கலம்), கடலாடி ஆகிய ஊர்கள் உள்ளன. இவ்விரு ஊர்களிலிருந்தும் மலைக்குப் பாதைகள் உண்டு. இரண்டும் மலையின் இடைப்பகுதியில் ஒன்று சேர்கின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு, ஆரணி, போளூர் வழியாகச் சாலையில் செல்லலாம். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. காஞ்சிபுரத்தைப் போன்றே ஆரணியும் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தொடர்வண்டியில் வருவோருக்கு விழுப்புரம் - காட்பாடி தடத்திலுள்ள போளூர் நிலையம் பயன்படும். காஞ்சிபுரம் அரக்கோணம் - செங்கல்பட்டு தடத்தில் இருப்பதால் அங்கிருந்து போளூருக்குச் சாலை வழியே எளியது.

நீர்வழியாலும் காஞ்சிபுரத்துக்கும் இம்மலைப் பகுதிக்கும் தொடர்பு உண்டு. சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு செங்கம், கலசபாக்கம் வழியே ஓடி, காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கிலுள்ள திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. காஞ்சி நகரை ஒட்டி ஓடும் வேகவதியும் அங்கேயே வந்து சேர்கிறது.

இலக்கியத்தில் மலைவழி

பத்துப்பாட்டில் இறுதியாக அமைந்த மலைபடுகடாம், செங்கண்மா எனப்பட்ட செங்கத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடும் நூல். 583 அடிகளைக் கொண்ட இதனை இயற்றியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இந்நூலில் நன்னனுடைய மலை நவிரம் என்றும் அவனது ஆறு சேயாறு என்றும் குறிக்கப்படுகின்றன. நவிரம் இன்றைய பர்வதமலையே என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

மலைபடுகடாம் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரில் வரும் கூத்தருக்கு வழி சொல்லுவதாக இது அமைந்துள்ளது. எனவே புகழ்ச்சிக்கு இணையாக வழியின் இடர்களும் விரிவாகக் கூறப்படுகின்றன. அவற்றுள் சில:

1. தினைப்புனங்களில் பன்றிகளுக்காகக் கல்லாலான பொறிகள் வைக்கப்பட்டிருக்கும். ஆதலால் இருளில் நடவாமல் விடிந்தபின் செல்ல வேண்டும்.
2. பரல் நிறைந்த குழிகளில் பாம்புகள் ஒடுங்கியிருக்கும். அவ்விடங்களை அறிந்து விலகிச் செல்ல வேண்டும்.
3. பரண்மீது நின்று புனம் காப்போர் யானைகளை விரட்டக் கவண்கல் எறிவர். மரங்களின் மறைவில் கடந்து போக வேண்டும்.
4. வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும்.
5. பாதை பிரியுமிடத்தில், பின்னே வரும் புதியோர் தடுமாறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட வேண்டும்.
6. இரவானால் மலைக்குகையில் தங்க வேண்டும்.
7. வழி தவறினால் கையிலுள்ள இசைக்கருவிகளை ஒலிக்க வேண்டும். ஒலி கேட்டுக் கானவர் உதவிக்கு வருவர்.

காஞ்சிபுரத்தை நோக்கியும் ஓர் ஆற்றுப்படை உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, பாணனைக் காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்புகிறது. இவ்வகை நூல்களின் அடிப்படை ஒன்றே: வழியை அறிந்தவன், அவ்வழியே சென்று திரும்பியவன். மலையேற்றத் திட்டத்திலும் இதுவே முதல் விதியாகக் கொள்ளத்தக்கது. பாதையின் நிலை, சுனையில் நீர் உண்டா, சங்கிலி உறுதியாக உள்ளதா, வனத்துறை தடை விதித்துள்ளதா என்பவற்றை அண்மையில் ஏறி இறங்கியவரிடமும் அடிவார ஊராரிடமும் கேட்டறிவது, பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பதைவிட நம்பத்தக்கது.

பாதையின் அமைப்பு

தென்மாதிமங்கலத்திலிருந்து செல்வோர் பச்சையம்மன் கோயிலையும் வீரபத்திரர் கோயிலையும் கடந்து மலையேறத் தொடங்குகின்றனர். தொடக்கத்தில் படிக்கட்டுகள் உள்ளன. அதன்பின் வழி, காட்டினூடே கற்களும் வேர்களும் நிறைந்த செங்குத்தான பாதையாக மாறுகிறது. உச்சிக்கு முன்னுள்ள பாறைப் பகுதியில் கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று வழங்கும் இடங்கள் உள்ளன. கடப்பாறைகளும் தண்டவாளத் துண்டுகளும் பாறையில் செருகப்பட்டுப் படிகளாகப் பயன்படுவதால் இப்பெயர்கள் ஏற்பட்டன.

உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரரும் பிரமராம்பிகையும் வழிபடப்படுகின்றனர். ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீசைலத்திலும் இறைவன், இறைவி பெயர்கள் இவையே. பக்தர்கள் தாங்களே நீராட்டி மலரிட்டு வணங்குவது இங்குள்ள வழக்கம். அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது விழுந்த பகுதியே இம்மலை என்பது மக்களின் நம்பிக்கை. முழுநிலவு நாட்களில் கூட்டம் மிகுதி. மார்கழி மாதப் பிறப்பன்று மலையை வலம் வருவோரும் பலர்.

கால அளவைக் கணித்தல்

மலைவழியில் தொலைவை மட்டும் கொண்டு நேரத்தைக் கணிக்க இயலாது. இதற்கு உலகெங்கும் பயன்படும் எளிய விதி ஒன்றை ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்தார். சமதளத் தொலைவில் ஒவ்வொரு 3 மைலுக்கும் (ஏறத்தாழ 5 கி.மீ.) 1 மணி நேரமும், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 2000 அடிக்கும் கூடுதலாக 1 மணி நேரமும் கணக்கிட வேண்டும் என்பது அவ்விதி. குளிர்காலப் பகற்பொழுது மிகக் குறுகிய ஸ்காட்லாந்தில், இருட்டும் முன் திரும்ப முடியுமா என்று அறிய இது உதவியது.

எடுத்துக்காட்டாக, 6 கி.மீ. நடந்து 3500 அடி ஏற வேண்டிய வழியைக் கொள்ளலாம். தொலைவுக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 45 நிமிடம், ஆக ஏறத்தாழ 3 மணி நேரம். இது பழகியவர் நல்ல வானிலையில் ஓய்வின்றி நடக்கும் நேரம். பழகாதவர், வெயில், சங்கிலிப் பகுதியில் காத்திருத்தல் ஆகியவற்றுக்காக இதனுடன் பாதியைச் சேர்த்தால் நான்கரை மணி நேரம் ஆகும். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராசகோபுரம் ஏறத்தாழ 190 அடி உயரமுடையது. 3500 அடி என்பது அத்தகைய பதினெட்டுக் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். ஏகாம்பரநாதர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியவருக்கு இந்த ஒப்பீடு ஏற்றத்தின் அளவை உணர்த்தும்.

இக்கணக்கின்படி ஒரு நாள் திட்டம் பின்வருமாறு அமையும்:

காலை 6.00 - அடிவாரத்திலிருந்து புறப்படுதல்
காலை 10.30 - உச்சியை அடைதல்
காலை 11.30 - வழிபாடும் ஓய்வும் முடித்து இறங்கத் தொடங்குதல்
பிற்பகல் 2.30 - அடிவாரத்தை அடைதல்

இறங்குவதற்கு 3 மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. செங்குத்தான கற்பாதையில் இறங்குவது ஏறுவதைவிட மிகவும் விரைவாக முடியும் என்று எண்ணுவது தவறு. களைத்த கால்கள் தடுமாறும் நேரமும் அதுவே.

வட தமிழ்நாட்டில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கதிரவன் மாலை 6 மணிக்கு முன்பே மறைகிறது. காலை 6 மணிக்குப் புறப்பட்டவருக்கு இருட்டுமுன் 3 மணி நேரம் மிச்சம் இருக்கும். கால் சுளுக்கு, மழை, உடன் வந்தவரின் தளர்ச்சி ஆகிய எது நேரினும் அந்த மிச்சமே காக்கும். இதே பயணத்தைக் காலை 10 மணிக்குத் தொடங்கினால் எந்தத் தடங்கலும் இல்லாமலேயே அடிவாரம் சேர மாலை 6.30 ஆகிவிடும். கடைசிப் பகுதியை இருளில் கடக்க நேரிடும்.

திரும்பும் நேரம்

மலையேற்றத் திட்டத்தில் மிக முதன்மையானது திரும்பும் நேரம் ஆகும். குறித்த மணிக்குள் உச்சியை அடையாவிடில், எங்கிருந்தாலும் அங்கிருந்தே இறங்கிவிட வேண்டும் என்று புறப்படும் முன்பே முடிவு செய்வது இதன் பொருள். மேற்கண்ட திட்டத்தில் நண்பகல் 12 மணியைத் திரும்பும் நேரமாகக் கொள்ளலாம். இம்முடிவை மலையடியில் எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. உச்சி கண்ணுக்குத் தெரியும் தொலைவில், களைப்பும் ஆவலும் மிகுந்த நிலையில், பெரும்பாலோர் இன்னும் சிறிது தூரம் என்றே எண்ணுவர். வேண்டுதலுடன் வருவோருக்குத் திரும்புதல் இன்னும் கடினம். கோயில் அடுத்த திங்களிலும் அங்கேயே இருக்கும் என்பதைக் குழுவினர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நலம்.

குழுவின் வேகம் அதில் மெதுவாக நடப்பவரின் வேகமே. முன்னே சென்றவர்கள் உச்சியில் காத்திருக்க, பின்தங்கியவர் தனித்து விடப்படுவது பல இடர்களுக்குக் காரணமாகிறது. பாதை அறிந்த ஒருவர் முன்னும் மற்றொருவர் கடைசியிலும் நடப்பது முறை.

பருவமும் வானிலையும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அதற்கு முன்னரும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை பெய்வதுண்டு. மழையில் பாறைகள் வழுக்கும். இடியின்போது இரும்புச் சங்கிலி, ஏணி ஆகியவற்றின் அருகில் இருப்பது பேரிடர் தரும். மழைமேகம் திரண்டால் சங்கிலிப் பகுதிக்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

மலைமீது பெய்யும் மழை அடிவார ஓடைகளில் சிறிது நேரத்திலேயே வெள்ளமாகப் பாயும். காலையில் வறண்டிருந்த ஓடை மாலையில் கடக்க முடியாததாகலாம். 2025 ஆகஸ்டு மாதத்தில், பர்வதமலையில் வழிபட்டு இறங்கிய குழுவொன்றைச் சேர்ந்த இரு பெண்கள் இவ்வாறு ஓடை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். முழங்காலளவு நீரேயாயினும் விரைந்து ஓடும்போது ஆளைச் சாய்க்க வல்லது. மழை நின்றபின் சிற்றோடைகளில் வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். ஆதலால் கரையில் காத்திருப்பதே தக்கது. அவ்வாறு காத்திருக்க உணவும் ஒளியும் பொழுதும் மிச்சம் இருக்க வேண்டும்.

கோடையில் வெப்பமும் காட்டுத்தீயும் இடர் விளைவிப்பன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் சிக்கினர். அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதன்பின் தமிழ்நாடு அரசு 2018இல் மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறையின் மேற்பார்வையில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளைக் கொண்ட திட்டம் தொடங்கப்பட்டது. உலர்ந்த புல் மேல்நோக்கி எரியும்போது தீ மிக விரைந்து பரவும். எனவே கோடையில் காய்ந்த புல்வெளிச் சரிவுகளில் ஏறுவதும் காட்டில் அடுப்பு மூட்டுவதும், கற்பூரம் முதலியவற்றை அணைக்காமல் விடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

உயரம் கூடக் கூட வெப்பநிலை ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைகிறது. வியர்வையில் நனைந்த உடையுடன் உச்சிக்காற்றில் அமர்ந்தால் மார்கழியில் குளிர் நன்றாகத் தெரியும். மாற்று மேலாடை ஒன்று போதுமானது.

உடற்பயிற்சி

காஞ்சிபுரம் சமவெளியில் அமைந்த ஊர். தறியில் அமர்ந்து நெய்வோர், கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்து பணிபுரிவோர் ஆகியோருக்கு ஏற்றத்துக்கான தசைப்பயிற்சி இயல்பாகக் கிடைப்பதில்லை. குழித்தறியில் மிதியை மிதிக்கும் நெசவாளரின் கால்கள் இயங்கினாலும், உடலின் முழு எடையையும் தூக்கும் பழக்கம் அதில் இல்லை. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரம் மூன்று நாள் விரைநடையும் படியேற்றமும் பழகலாம். ஏறுவதோடு இறங்குவதையும் பழக வேண்டும். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டவாறே எடையைத் தாங்குவதால் அவையே மறுநாள் மிகுதியாக வலிக்கின்றன.

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், மூச்சிரைப்பு நோய் உடையோர் மருத்துவரின் அறிவுரை பெறாமல் ஏறுதல் கூடாது. நெஞ்சுவலி, இடது கையில் வலி, மிகுந்த மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவை தோன்றினால் அவற்றைக் களைப்பு என்று கருதி நடையைத் தொடரக் கூடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

1. நீர்: ஒருவருக்குக் குறைந்தது 3 லிட்டர். கோடையில் இது போதாது. சுனைநீரை நம்பிப் புறப்படலாகாது.
2. உப்புச் சர்க்கரைக் கரைசல்: 1 லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். மிகுதியாக வியர்ப்பவருக்கு வெறும் நீரைவிட இது பயன் தரும்.
3. உணவு: கெடாத புளிச்சோறு, வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் போன்றவை. குரங்குகள் பறிக்கும் என்பதால் உணவைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பையில் வைக்க வேண்டும்.
4. கைவிளக்கு: பகற்பயணத்துக்கும் ஆளுக்கொன்று தேவை. செல்பேசி விளக்கு அதன் மின்கலத்தைத் தீர்த்துவிடும்.
5. ஊதல்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது பன்னாட்டு இடர்க்குறி. மூன்று முறை ஊதுவது அதற்கான மறுமொழி. மலைபடுகடாம் கூத்தருக்குச் சொன்ன வழியும் இதுவே.
6. முதலுதவிப் பொருட்களும் வழக்கமாக உண்ணும் மருந்துகளும்.
7. பிடிப்புள்ள அடியை உடைய காலணி. வெறுங்காலுடன் ஏறுவோர் வெயிலில் பாறை சுடுமுன் இறங்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கிலிப் பகுதியில் இரு கைகளும் தேவைப்படுவதால் கையில் எதையும் சுமக்கலாகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. மேலே கொண்டு சென்ற அனைத்தையும் கீழே கொண்டுவருதல் வேண்டும்.

பாம்புக்கடி

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் உயிரிழப்புக்குப் பெரிதும் காரணமானவை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விரைவில் மருத்துவமனை சேர்க்க வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவை தீங்கு தரும். நஞ்சுமுறி மருந்தே உரிய சிகிச்சை. இம்மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நீண்டகாலமாக வழங்கி வருகிறது. இச்சங்கம் அமைந்துள்ள வடநெம்மேலி, 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, பின்னர் புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது.

ஊரில் விட்டுச் செல்ல வேண்டிய செய்தி

மலையில் செல்பேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. எனவே எந்தப் பாதையில், எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஏறுகின்றனர், எத்தனை மணிக்குள் இறங்குவர் என்பவற்றை எழுதி வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்துக்குப் பின் எவ்வளவு நேரம் காத்திருந்து யாருக்குத் தெரிவிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். 108 மருத்துவ ஊர்திக்கும் 112 அவசர உதவிக்குமான எண்கள் ஆகும். மலையேற்றத்துக்கான நேரக் கட்டுப்பாடுகளை வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் அவ்வப்போது விதிப்பதால் புறப்படும் வாரத்தில் அவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

திரும்பும் சாலைப்பயணம்

காஞ்சிபுரத்திலிருந்து விடியற்காலை 3 மணிக்குப் புறப்பட்டு, நாள் முழுதும் மலையேறி, அன்றிரவே வண்டி ஓட்டித் திரும்புவது பலர் மேற்கொள்ளும் முறை. தூக்கமும் களைப்பும் சேர்ந்த ஓட்டுநர் சாலையில் கண்ணயர்ந்துவிடும் வாய்ப்பு மிகுதி. முன்னிரவு போளூரிலோ திருவண்ணாமலையிலோ தங்குவது, அல்லது மலையேறாத ஒருவரை ஓட்டுநராக அமர்த்துவது இவ்விடரைக் குறைக்கும். உச்சியை அடைந்தவுடன் மலையேற்றம் பாதியே முடிகிறது. குழுவினர் அனைவரும் வீடு சேர்ந்த பின்னரே அது நிறைவு பெறுகிறது.